பல்லோடு பல்

இரவு இரண்டு மணிக்கு
டௌகவா ஆற்றில் பனிப்பாளம் உடைகிறது என்று நினைத்துக்
கண் விழித்தேன்.
நவம்பர்தான். ஆறு இன்னும் உறையவே இல்லை.
பக்கத்தில் விஸ்மா
தலையணையில் கன்னம் அழுந்த
தூக்கத்தில் எதையோ அரைத்துக்கொண்டிருந்தாள்.

காலையில் கேட்டால்
"நானா? நன்றாகத்தானே தூங்கினேன்" என்கிறாள்,
ரொட்டியை இடது பக்கமாகவே மென்றபடி.

பல் மருத்துவர் ரூட்டா ஸ்ப்ரோகே
கையில் கண்ணாடியைக் கொடுத்துக் காட்டினாராம்.
கடைவாய்ப் பற்கள் நான்கும்
பழைய கோர்ட்டுப் படிக்கட்டுபோல் நடுவில் தேய்ந்திருந்தன.
"ராத்திரியெல்லாம் யாரைக் கடிக்கிறீர்கள்?"
"யாரையும் இல்லை."
"அப்படியானால் உங்களைத்தான்."

இரவில் போட்டுக்கொள்ள ஒரு பல்லுறை, நூற்றெண்பது யூரோ.
(அதை மூன்றாம் நாளே நாய் தூக்கிக்கொண்டு
சோபாவுக்கு அடியில் போய்விட்டது.)
கூடவே இலவசமாக
ஒரு தாள் நிறைய ஒட்டுப் புள்ளிகள். பச்சை.
கண் போகிற இடமெல்லாம் ஒட்டுங்கள்.
புள்ளி தென்படும்போது ஒன்றே ஒன்றைக் கவனியுங்கள்:
பல்லோடு பல் பட்டிருக்கிறதா?
பட்டிருந்தால் விடுங்கள்.
உதடு மூடியிருக்கலாம். பல் விலகியிருக்கட்டும்.

விஸ்மா ரீகாவில் டிராலிபஸ் ஓட்டுகிறவள்.
பக்கக் கண்ணாடியில் ஒன்று ஒட்டினாள், டிக்கெட் பெட்டியில் ஒன்று,
வீட்டில் குளிர்சாதனப் பெட்டியில், செல்போன் முதுகில்,
குளியலறைக் கண்ணாடியின் மூலையில்.
கடித்திருந்தால் ஒரு கோடு,
நேர அட்டவணையின் பின்பக்கத்தில்.

நான் பந்தயம் கட்டினேன்:
கொம்புகள் மின்கம்பியை விட்டு நழுவுமே, அந்த நேரம்தான்.
வண்டி நடுச்சந்தியில் செத்து நிற்க
பின்னால் கார்கள் அலற
சேறாய் உருகிய பனியில் இறங்கிக் கயிற்றை இழுத்து
கொம்பை மறுபடி கம்பியில் பொருத்தும் நேரம்.
தோற்றேன்.
அப்போது அவள் வாய் திறந்தே இருந்ததாம்.
திட்டிக்கொண்டிருந்தாளாம், சத்தமாக.

கோடுகள் விழுந்தது வேறெங்கோ.
திரையில் இரண்டு நிமிடத் தாமதம் சிவப்பாக எழும்போது.
கடைசி நிறுத்தத்தில்
கழிவறைக்குப் போய்வர நான்கு நிமிடம் இருந்தும்
மூன்றிலேயே ஓடி வரும்போது.
குளிர்சாதனப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு
நாளைக்கு என்ன என்று நிற்கையில்.
முதியோர் இல்லக் கட்டணத்தைப் பற்றிப் பேச
அக்கா ஸைகா அழைக்கையில்.
"நான் நன்றாக இருக்கிறேன்" என்று
யாரிடமாவது சொல்லி முடித்த மறுநொடியில்,
தவறாமல்.

பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்று
எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்.
இருந்திருக்கிறாள்.
பதினேழு வருடம். ஒன்றரை மில்லிமீட்டர்.

பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை.
நான்கு நிமிடத்தையும் எடுத்துக்கொள்கிறாள்.
தள்ளுவண்டியில் குழந்தையோடு ஓடிவருகிறவளுக்காகக்
கதவைத் திறந்து வைக்கிறாள். திரை சிவக்கிறது. சிவக்கட்டும்.
ஸைகாவிடம் "இன்று முடியாது, ஞாயிறு பேசுகிறேன்" என்றாள்;
அடுத்து அரை மணி நேரம் சமையலறையில்
குற்றவாளிபோல் நடந்துகொண்டிருந்தாள்.
சில நாள் கோடுகள் எட்டு. சில நாள் இருபது.
ஒரு திங்கள்கிழமை அட்டவணையையே கசக்கி எறிந்தாள்.

இன்று காலை
வீங்கிய கண்களோடு வந்து உட்கார்ந்தாள்.
"நேற்று முழுக்க எனக்குத் தூக்கமில்லை" என்றாள்.
"மறுபடியும் அரைத்தாயா?"
"நானில்லை. நீ."

சிரித்தேன். தாடை வலித்தது.
என் காபிக் கோப்பையின் கைப்பிடியில்
தாளில் மிஞ்சியிருந்த கடைசிப் புள்ளி.
எப்போது ஒட்டினாளோ.

கோட்டின் உள்பையில்
தொழிற்சாலைக் கடிதம் பதினொரு நாளாக
நான்காய் மடிந்து கிடக்கிறது.
நாக்கால் தடவிப் பார்க்கிறேன்:
மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் நடுவே
ஒரு காகிதம் நுழையக்கூட இடமில்லை.

விஸ்மா கையுறைகளைத் தேடுகிறாள்.
ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது அவளுக்கு.
"கொஞ்சம் உட்கார்" என்கிறேன்,
"நான்கு நிமிடம் இருக்குமா?"